இரவல் டப்பாவில் ஒரு பக்கம்

பழகிய பிரஷும் பழகிய வண்ணமும் கையில் இருந்தால், கை பழகிய படத்தைத்தான் போடும். ஆர்ட் ஜர்னல் வைத்துக்கொள்ளத் தொடங்கிய பலரும் முதல் நோட்டு பாதி நிறைவதற்குள் ஒரே மாதிரி ஓரம் கட்டி, ஒரே நீலத்தில் வானம் பூசி, மூலையில் ஒரே இலைக்கொத்தை வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். சலிப்பு தட்டியதும் கடைக்குப் போகிறார்கள். புது டப்பா வருகிறது. அதிலும் அந்த நீலத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். என் கட்சி வேறு. வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுக்காத பொருள் உங்கள் வழக்கத்துக்கு இடம் கொடுக்காது. அது எதைச் செய்யுமோ அதைத்தான் செய்யும். படத்தை நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் அந்த மாற்றத்தைப் பற்றியது.

நம் எல்லோருக்கும் நேரக்கூடிய ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். பையில் நோட்டு இருக்கிறது, வண்ணம் ஒன்றும் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடப் பையில் 12 வில்லைகள் கொண்ட வாட்டர் கலர் டப்பா, 25 குச்சிகள் கொண்ட ஆயில் பேஸ்டல், ஒரு கட்டு ஸ்கெட்ச் பென், மூடி இறுகிப்போன இரண்டு போஸ்டர் கலர் குப்பிகள். அண்ணி ஒரு காலத்தில் புடவைக்கும் தலையணை உறைக்கும் ஃபேப்ரிக் பெயின்டிங் செய்தவர். அவருடைய பிஸ்கட் டின்னில் 15 மில்லி ஃபெவிக்ரில் குப்பிகள் பாதி பாதியாகக் கிடக்கின்றன. மேஜையில் பால்பாயின்ட் பேனா, ஃபெவிகால், சானிடைசர். அப்புறம் சமையலறை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு இதில் கால்வாசியே போதும்.

மூன்று கேள்விகள்

டப்பாவைத் திறந்ததும் படம் போட உட்காராதீர்கள். எந்தப் பொருளானாலும் அதனிடம் கேட்க வேண்டியவை மூன்று: இதை எது கரைக்கிறது? காய்ந்த பிறகும் கரையுமா? இதன் மேல் இன்னொன்று பிடிக்குமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் லேபிளைப் படிக்கவே தேவையில்லை. டப்பாவின் மேல் என்ன போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது நிறத்தூளும் அதைப் பிடித்து நிறுத்தும் ஒரு பசையும்தான். பொருளின் குணம் முழுக்க அந்தப் பசையில் இருக்கிறது.

வாட்டர் கலர் வில்லையில் இருப்பது கருவேலமர இனத்திலிருந்து கிடைக்கும் பிசின். அது தண்ணீரில் எத்தனை தடவையும் கரையும். அதனால்தான் போன வருஷம் காய்ந்த வில்லை இன்றைக்கும் எழுந்து வருகிறது; நேற்றுப் பூசிய வானத்தின் மேல் இன்று ஈர பிரஷ் பட்டால் அதுவும் கலங்குகிறது. போஸ்டர் கலரும் ஏறக்குறைய இதே ஜாதிதான். ஆனால் அதில் வெள்ளைப் பொடி நிறைய, ஆகவே கீழே இருப்பதை மறைக்கும். தடிமனாகப் பூசினால் நோட்டை மடக்கும்போது வெடித்து உதிரும்.

ஃபெவிக்ரில் முற்றிலும் வேறு பிறவி. அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் குழம்பு அது. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு தோலாக மாறிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. துணியில் பூசித் துவைக்க முடிவது இதனால்தான். கழுவாமல் வைத்த பிரஷ் காலையில் விறைத்துக் கிடப்பதும் இதனால்தான்.

ஆயில் பேஸ்டலில் மெழுகும், உலராத கனிம எண்ணெயும். 1920களில் ஜப்பானின் சக்குரா நிறுவனம் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது. 1949இல் பாரிஸில் செனலியே வண்ணக் கடைக்காரர் பிக்காசோவின் தேவைக்காக ஓவியர்களுக்கான ரகத்தை உருவாக்கினார். அந்த வம்சத்துக் குச்சிதான் உங்கள் அண்ணன் மகளின் டப்பாவில் இருப்பது. ‘குழந்தைகள் சாமான்’ என்று ஒதுக்க வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: அது ஒருநாளும் முழுதாகக் காயாது. ஒரு வருஷம் கழித்தும் விரலில் ஒட்டும்.

நிறத்தூளும் பசையும் என்ற விதிக்கு ஸ்கெட்ச் பென் விலக்கு: அதில் இருப்பது தண்ணீரில் கரையும் சாயம், பசை கிடையாது. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பதம். தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்குக் கரையும். பர்மனென்ட் மார்க்கரும் அப்படியே. கலர் பென்சிலில் மெழுகு, கொஞ்சமாக.

இதையெல்லாம் நம்பிக்கையாகச் சொன்னாலும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதலில் பர்மனென்ட் மார்க்கரால் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அதன் மேல் நெடுக்காக ஒவ்வொரு பொருளிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. கறுப்புக் கோட்டை எது மறைக்கிறது, எது காட்டிக்கொடுக்கிறது என்பது உடனே தெரியும். நன்றாகக் காய்ந்ததும் ஈர விரலால் ஒவ்வொன்றின் பாதியைத் தேயுங்கள்: எது கரைகிறது, எது நிற்கிறது. பிறகு பட்டைகளுக்குக் குறுக்கே ஆயில் பேஸ்டலால் ஒரு கோடு, அதற்குக் கீழே பேனாவால் ஒரு கோடு. பத்து நிமிஷ வேலை, காயும் நேரம் தனி. பட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதிவைக்க மறக்காதீர்கள். காய்ந்த பிறகு போஸ்டர் வெள்ளையும் ஃபேப்ரிக் வெள்ளையும் ஒன்றுபோலவே இருக்கும்.

கறுப்பு ஸ்கெட்ச் பென்னுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை, வேடிக்கைக்காகவும்தான். டிஷ்யூத் தாளில் பெரிய புள்ளியாக வைத்து, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பல கறுப்புகள் பிரிந்து நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக வெளியே ஓடும். அப்படிப்பட்ட பேனா கிடைத்தால் அந்தப் பக்கத்துக்கு வேறு வண்ணமே வேண்டாம். கறுப்பில் கோடு போட்டு, ஈர பிரஷால் ஒரு பக்கம் மட்டும் தொட்டு இழுத்தால், நிழல் தானாக நிறம் பிரிந்து இறங்கும்.

எது கீழே, எது மேலே

இரவல் பொருளில் போட்ட பக்கங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வரிசையில்தான். நிறத்தில் அல்ல. தண்ணீர்ச் சாமான் கீழே, எண்ணெய்ச் சாமான் மேலே என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. காய்ந்த வாட்டர் கலர் மேல் ஆயில் பேஸ்டல் அழகாக உட்காரும். ஆயில் பேஸ்டல் மேல் வாட்டர் கலர் உட்காராது, முத்து முத்தாகத் திரண்டு விலகும். அந்த விலகலே வேண்டுமென்றால் மட்டும் வரிசையை மாற்றலாம்; கீழே வரும் மாதிரிப் பக்கத்தில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

அக்ரிலிக் இந்தச் சண்டையில் நடுவர். வாட்டர் கலர் பக்கத்தை இனி யாரும் கலைக்கக் கூடாது என்று நினைத்தால், மேலே ஃபேப்ரிக் கலரை ஒரே இழுப்பில் பூசுங்கள். கீழே உள்ளது பூட்டப்பட்டுவிடும். இரண்டு மூன்று தடவை பிரஷை ஓட்டினால் மட்டும் கீழ் நிறம் கலங்கி மேலே ஏறும். ஆனால் அக்ரிலிக்கை ஆயில் பேஸ்டலின் மேல் பூசக் கூடாது. பூசும்போது ஒட்டியதுபோல் தெரியும், பிறகு நகம் பட்டால் தோலாக உரியும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று பொருள். இதில் நான் கறார். டப்பா நிறைய இருக்கிறதே என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டால், பக்கம் கடைக்காரரின் மாதிரி அட்டையாகிவிடும். புதிய பொருள் ஒன்று, அதற்கு எதிர்க்குணம் உள்ளது ஒன்று, எழுத ஒன்று.

தாள் இரவல் இல்லை, ஆனால்

வண்ணம் இரவலாகக் கிடைத்தாலும் தாள் உங்களுடையது. அது எவ்வளவு தாங்கும் என்பதுதான் எல்லை. ஜெராக்ஸ் தாள் 75, 80 ஜிஎஸ்எம். ஈர பிரஷ் பட்டதும் அலையடிக்கும். வாட்டர் கலர் தாள் பெரும்பாலும் 300 ஜிஎஸ்எம் வரை கனமாக இருக்கும். கோடு போடாத பள்ளி நோட்டுதான் கையில் என்றால் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஃபெவிகாலை அப்படியே பூசாமல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி, பழைய ஏடிஎம் கார்டால் இழுத்துப் பரப்பி, மேலே கனமான புத்தகம் வையுங்கள்.

கடையில் ஜெஸ்ஸோ என்று ஒரு வெள்ளைப் பூச்சு விற்கிறார்கள். மெல்லிய தாளுக்கு ஒரு முதுகெலும்பும், வண்ணம் பிடிக்கச் சற்றுச் சொரசொரப்பும் தருவது அதன் வேலை. இரவல் வீட்டில் அதற்கு மாற்று உண்டு. வெள்ளை ஃபேப்ரிக் கலர் ஒரு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, முகப்பவுடரோ நன்றாகப் பொடித்த சாக்பீஸோ சுமாராக இரண்டு பங்கு. தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக வரும்வரை தண்ணீர். கடை ஜெஸ்ஸோவுக்கு இது ஈடாகாது. ஒரு பக்கத்துக்குப் போதும். இதன் மேல் வாட்டர் கலர் உறிஞ்சப்படாமல் மேலேயே நின்று விசித்திரமான தேக்கங்களை உண்டாக்கும். எனக்கு அது பிடிக்கும். சீராகப் பூச விரும்புபவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அடுப்படியிலிருந்து

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். அந்த அறிவை நோட்டுக்குக் கொண்டுவந்தால், கடையில் கிடைக்காத ஒரு வண்ணம் கைக்கு வருகிறது. மஞ்சள் தூள் தண்ணீரில் கரைவதில்லை, கலங்கி நிற்க மட்டுமே செய்கிறது. அதைத் தாளில் பூசிக் காயவிட்டு, மேலே நிற்கும் துகளைத் தட்டிவிட்டால் மென்மஞ்சள் தளம் ஒன்று கிடைக்கும். இன்னும் தெளிவான மஞ்சள் வேண்டுமென்றால் தண்ணீராக இருக்கும் சானிடைசரில் ஒரு சிட்டிகை போட்டு அசைத்து, தூள் அடியில் தங்கியதும் மேலாக இருப்பதை எடுங்கள். மஞ்சளின் நிறப்பொருளுக்குத் தண்ணீரைவிட ஸ்பிரிட் பிடித்தமானது.

இனி வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பட்டாணி அளவு, அரை டம்ளர் தண்ணீரில். சற்று நேரத்தில் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர். அதை ஈர்க்குச்சியில் தொட்டு மஞ்சள் தாளில் கோடு போட்டால், கோடு சிவப்பாக எழும். நிறமில்லாத தண்ணீரால் எழுதி நிறம் வரவைப்பது, எத்தனை தடவை செய்தாலும் அலுக்காத வேலை. சோப்புத் தண்ணீரும் இதைச் செய்யும், சற்று மங்கலாக. போட்ட கோடு பிடிக்கவில்லையென்றால் எலுமிச்சைச் சாற்றால் தொடுங்கள், மறுபடியும் மஞ்சளாகிவிடும். காரத்துக்குச் சிவந்து அமிலத்துக்குத் திரும்பும் குணம் அது. சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறிக்கக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அதை நீங்களே கையாளுங்கள்.

சிவப்புச் செம்பருத்தி இதழைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் சிவப்பு வராது, நீலம் கலந்த ஊதா வரும். அதிலும் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாக மாறும். ஃபில்டர் காபியின் டிகாஷன் பழைய தாளின் நிறத்தைத் தரும். ஆனால் சர்க்கரை போட்ட காபியைத் தொடவே வேண்டாம். பக்கம் பிசுபிசுக்கும், இரண்டாம் நாள் எறும்பு வரும்.

இந்த வண்ணங்கள் நிற்குமா என்று கேட்டால், வெயிலில் நிற்காது. மஞ்சள் வெளிச்சத்தில் வெகு சீக்கிரம் வெளுக்கும். சுண்ணாம்புச் சிவப்பும் நாள்பட மங்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு உதவாது. மூடிவைக்கும் நோட்டுக்கு அந்தக் கவலை குறைவு, அதனால்தான் ஆர்ட் ஜர்னல் இவற்றுக்கு ஏற்ற இடம். வெளுப்பதைவிட மோசமானது அழுகுவது. 1940இல், நாஜிகளிடமிருந்து நார்வே வழியாகத் தப்பி பிரிட்டன் வந்துசேர்ந்த ஜெர்மானியக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸை, எதிரி நாட்டவர் என்று சொல்லி ஐல் ஆஃப் மேன் தீவின் ஹட்சின்சன் முகாமில் அடைத்தார்கள். டிராம் டிக்கெட்டையும் லேபிளையும் ஒட்டியே பேர் வாங்கிய மனிதர்; பொருள் இல்லை என்று சும்மா இருப்பாரா? தரையில் ஒட்டியிருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதில் வரைந்தார். காலை உணவுக்கு வந்த ஓட்ஸ் கஞ்சியைச் சேர்த்துவைத்துச் சிற்பம் செய்தார். சிற்பங்கள் பூஞ்சை பிடித்து நாறின. லினோலியம் ஓவியங்களில் சில இன்றும் இருக்கின்றன. தாளில் ஒட்டும் எதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்: சோறும் கஞ்சியும் பூவும் கஞ்சி ஜாதி, காய்ந்த இலையும் துணியும் நூலும் லினோலிய ஜாதி. போஸ்டர் ஒட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்குப் பயந்துதான். அது விஷம், வீட்டுக்குள் வேண்டாம், ஃபெவிகாலே போதும்.

மழைநாள் பக்கம்

இப்போது முழுசாக ஒரு பக்கம். ஆயில் பேஸ்டல், வாட்டர் கலர், பால்பாயின்ட். ஒட்டுவதற்கு அன்றைய தேதி காலண்டர் தாள்.

மழையை வரைய வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சாய்ந்த கோடுகளும் குடையும் கை தானாகப் போடும் படம். அதற்குப் பதிலாக, அந்த வீட்டில் உள்ள மேற்பரப்புகளைத் திரட்டுவோம். 1925இல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் விடுதி அறையின் தேய்ந்த மரத்தரை மேல் தாளைப் போட்டுத் தேய்த்து, எழுந்த ரேகைகளில் காட்டையும் பறவையையும் கண்டார். உங்களுக்குப் பிரம்பு நாற்காலி இருக்கும், இடியாப்பத் தட்டு இருக்கும், ஜன்னல் கம்பியின் பூவேலை, ரப்பர் செருப்பின் அடிப்பாகம், ஐந்து ரூபாய் நாணயம். நோட்டின் தாள் மெல்லியதென்றால் நேரடியாக அதையே இவற்றின் மேல் வைத்து, வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் ஆயில் பேஸ்டலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். தாள் கனமென்றால் ரேகை ஏறாது. ஜெராக்ஸ் தாளில் தேய்த்து, கிழித்து, நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

வெள்ளைத் தாளில் வெள்ளைக் குச்சி. என்ன வந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே தொடருங்கள், கை தன் பழைய படத்துக்குத் திரும்ப முடியாமல் போவது இந்த இடத்தில்தான். வலப்பக்க மேல்மூலையில் காலண்டர் தாள் அளவுக்கு மட்டும் மெழுகு படாமல் விட்டுவையுங்கள். மெழுகு பட்ட இடத்தில் ஃபெவிகால் பிடிக்காது.

வாட்டர் கலரில் இரண்டே வில்லை: நீலம், பழுப்பு. வேலை தொடங்கும் முன் வில்லைகளின் மேல் இரண்டிரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். பள்ளி வாட்டர் கலர் ‘சப்பென்று இருக்கிறது’ என்று சொல்பவர்கள் பாதிப் பேர் ஊறவிடாதவர்கள். மீதிப் பேர் டப்பாவோடு வந்த பிரஷை நம்புகிறவர்கள். அதைவிட ஒரு துண்டு ஸ்பாஞ்ச் மேல். நீலத்தையும் பழுப்பையும் தட்டில் முழுக்கக் கலக்காமல், தாளிலேயே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஈரமாக விட்டு, நோட்டைச் சாய்த்து ஓடவிடுங்கள். மேகத்தின் சாம்பல் அந்தச் சந்திப்பில் வரும். தேய்த்த இடமெல்லாம் வண்ணம் விலகி, பிரம்பின் பின்னலும் செருப்பின் நெளிகோடும் வெள்ளையாக எழுந்து வரும்.

ஈரத்தின் பளபளப்பு குறையத் தொடங்கும் நேரம் பார்த்து உப்பைத் தூவலாம். தூளுப்பு சிறுசிறு நட்சத்திரங்களைத் தரும், கல்லுப்பு பெரிய வட்டங்களை. தண்ணீர் தேங்கி நிற்கும்போதே போட்டால் உப்பு கரைந்து வீணாகும். காய்ந்த பிறகு போட்டால் ஒன்றும் நடக்காது. மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இந்தப் பதம் வர நேரமாகும், பொறுமை வேண்டும். முழுதாகக் காய்ந்ததும் உப்பை உதறிவிடுங்கள். விட்டுவைத்தால் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

காலண்டர் தாள் மிக மெல்லியது. பசையைத் தாளில் தடவினால் சுருங்கிக் கிழியும். நோட்டில் தடவி, அதன் மேல் தாளை ஓரத்திலிருந்து இறக்கி, உலர்ந்த துணியால் அழுத்துங்கள். ராகு காலமும் நல்ல நேரமும் தேதியும் பக்கத்துக்குக் கிடைத்துவிட்டன. சிவப்பு எழுத்து மிகவும் கூவினால், போஸ்டர் வெள்ளையைத் தண்ணீராக இளக்கி மேலே ஒரு படலம் விடலாம். அதற்கு முன் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், சில அச்சு மைகள் இளகும்.

டிக்கெட்டும் கடை பில்லும் ஒட்டப் பலருக்கு ஆசை. அதற்கு ஒரு எச்சரிக்கை. ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது போன்றவை வெப்பத்தால் அச்சாகும் தாள். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அந்த ரகம்தான். எழுத்து தானாக மங்கிப்போகும். ஹேர் டிரையர் காட்டினால் மொத்தமும் கறுக்கும், சானிடைசர் பட்டாலும் கறுக்கும். நினைவுக்கு வைக்க வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். அந்தக் கறுப்பே வேண்டுமென்றால் சூடான கரண்டிக்காம்பால் அதில் படம் போடலாம். அது ஒரு தனிப் பொருள், யாரும் வண்ணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியாக எழுத்து. ஆர்ட் ஜர்னலில் எழுத்தில்லாத பக்கம் எனக்குப் பாதிப் பக்கம். அன்றைக்கு நடந்தது, வெளியே கேட்டது, யார் என்ன சொன்னார்கள், ஏதாவது நாலு வரி. பால்பாயின்ட் மெழுகு மேல் வழுக்கும், முனையும் அடைத்துக்கொள்ளும். மெழுகு படாத இடத்தில் எழுதுங்கள், அல்லது தனித் தாளில் எழுதிப் பட்டையாகக் கிழித்து ஒட்டுங்கள். இன்னொரு வழி, அடர் நிற ஆயில் பேஸ்டலைக் கொஞ்ச இடத்தில் கெட்டியாகப் பூசி, மை தீர்ந்த ரீஃபிலால் அதில் கீறி எழுதுவது. கீழிருக்கும் நிறம் எழுத்தாக வெளிவரும்.

டப்பாவுக்குச் சொந்தக்காரி

“அத்தை, வெள்ளைய மட்டும் தீத்துடாதீங்க. லீவு முடிஞ்சு மொத நாளே டிராயிங் கிளாஸ் இருக்கு.” சித்தப்பாவானாலும் அத்தையானாலும் இந்த எச்சரிக்கை உண்டு. அவள் சொல்வது சரிதான். போஸ்டர் கலரில் முதலில் தீர்வது வெள்ளை. இரவலில் வெள்ளையும் மஞ்சளும் புனிதம். மஞ்சள் வில்லையில் பச்சையோ நீலமோ தோய்ந்த பிரஷ் ஒருமுறை பட்டாலும் அது அப்புறம் மஞ்சளாக இருக்காது. வெளிர் நிறத்தில் ஆரம்பித்து அடர் நிறத்தில் முடித்தாலே இந்த விபத்து நேராது. நேர்ந்துவிட்டால் ஈர டிஷ்யூவால் வில்லையின் மேல்தோலைத் துடைத்தெடுங்கள். கீழே மஞ்சள் பத்திரமாக இருக்கும். ஆயில் பேஸ்டல் குச்சியின் முனையில் வேறு நிறம் ஏறியிருந்தாலும் துடைத்தே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவளுடைய பிரஷால் அக்ரிலிக் தொடாதீர்கள். ஈர்க்குச்சி, காது குடையும் பஞ்சுக்குச்சி, ஏடிஎம் கார்டு, விரல் என்று எத்தனையோ இருக்கிறது. அண்ணியின் குப்பியில் வண்ணம் கட்டியாக இருந்தால் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிடும் ஆசை வரும். தட்டில் எடுத்த பிறகு கலக்குங்கள், குப்பிக்குள் வேண்டாம். ரப்பராகத் திரண்டுவிட்டதென்றால் அதன் கதை முடிந்தது, எந்தத் தண்ணீரும் அதை மீட்காது. அண்ணனின் ஃபவுண்டன் பேனாவில் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்கை ஏற்றுவது இரவலில் செய்யக்கூடிய மகா பாவம்: அதில் இருக்கும் அரக்கு உள்ளே காய்ந்தால் பேனா அடைத்தது அடைத்ததுதான்.

நண்பர் யாராவது விலையுயர்ந்த வெளிநாட்டுச் சாமானை நம்பிக் கொடுத்தால், கேள்விகள் அதே மூன்றுதான். ஆல்கஹால் மார்க்கர் தாளைத் துளைத்து அடுத்த பக்கம் போகும், கீழே ஒரு தாள் வையுங்கள். தண்ணீரில் கரையும் கிரேயானை மெழுகு கிரேயான் என்று நினைத்து மேலே ஈரம் விட்டால் எல்லாம் ஓடிவிடும். அச்சு எடுக்கும் ஜெல் தகட்டில் பேனா, கத்தி எதையும் படவிடாதீர்கள், ஒரு கீறல் எல்லா அச்சிலும் விழும். நேரம் குறைவாகவும் பொருள் புதிதாகவும் இருந்தால் படம் எதையும் நினைக்காமல் சோதனைப் பட்டைகளையே ஒரு பக்கமாகப் போட்டுவிடுங்கள். அதுவும் பக்கம்தான்.

நோட்டை மூடுவதற்கு முன்

ஆயில் பேஸ்டல் எதிர்ப்பக்கத்தில் அச்சாகும். நடுவில் பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து மூடுங்கள். அக்ரிலிக் தொட்டால் காய்ந்துவிட்டது போலிருக்கும், ஆனால் இரண்டு அக்ரிலிக் பக்கங்கள் முகம் பார்த்துச் சூட்டிலும் புழுக்கத்திலும் அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும்; நம் ஊர் வெயிலில் இது நிச்சயம். பிரித்தால் இரண்டும் கிழியும். ஓரிரவு திறந்தே காயவிட்டு, மேலே முகப்பவுடரை லேசாகத் தடவித் துடைத்துவிடலாம். அதற்கும் பட்டர் பேப்பர் நல்லது. வெண்ணெய்த் தடம் இல்லாத பிஸ்கட் பாக்கெட் உறை கிடைத்தாலும் சரி.

பக்கத்தின் பின்னால் பென்சிலால் குறித்துவையுங்கள்: எந்தப் பொருள், யாருடையது, எந்த வரிசையில் போட்டது, என்ன செய்தது. ஒரு மாதம் கழித்து நிறம் மங்கினாலோ உரிந்தாலோ காரணம் அங்கே இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த 25 குச்சிகளில் ஏதோ ஒன்று மனதில் சுற்றிக்கொண்டே இருந்தால், அப்போது வாங்கலாம். முழு டப்பா வேண்டாம். ஃபெவிக்ரில், போஸ்டர் கலர் எல்லாம் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையிலேயே ஒற்றைக் குப்பியாகக் கிடைக்கும். போகும்போது அவளுக்கு ஒரு வெள்ளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.